ஏழு கிலோ மாமா

பெரியகல்லாற்றில் ஒருவர் வெளிநாடு போகப்போகிறார் என்றால் முதலில் கோயிலுக்கு நேர்த்தி வைப்பார்கள், பிறகு ஏழு கிலோ மாமாவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். நேர்த்தி சில நேரம் பிந்தும். மாமா பிந்துவதில்லை. கதை காதில் விழுந்த அன்றே சேர்ட் பொக்கற்றுக்குள் தையல்காரரின் மீற்றர் டேப்போடு படலையைத் திறந்துகொண்டு வந்துவிடுவார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டைக்கு வெளியே அது பாவனையில் இல்லை. பொதிக்கெனத் தனியாகக் காசு கட்டாமல் மலிவு டிக்கட்டில் கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கோ கோலாலம்பூருக்கோ பறக்கிறவர் கையில் கொண்டுபோகக்கூடியது ஏழு கிலோ. அந்த ஏழு கிலோவுக்குள் ஒரு மனிதன் எப்படிக் குடும்பம் நடத்தலாம் என்பதே மாமாவின் ஆராய்ச்சி. இப்போது மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் ஊருக்கு ஒருவராவது இந்த இனத்தில் இருக்கிறார்கள். மேற்குப் பக்கத்துப் படுவான்கரைக்கும் பரவி வருவதாகக் கேள்வி.

மாமாவின் பரம விரோதி சக்கரம்.

“உருட்டுற பேக்கா வாங்கப்போறீங்க மருமகன்? வெறுமையாவே ரெண்டரைக் கிலோ இரிக்கும்கா. மிச்சம் நாலரை. அதுக்குள்ள உடுப்பை வைப்பீங்களா, சார்ஜரை வைப்பீங்களா? மறுகா, சக்கரத்தையும் கைபிடியையும் சேர்த்துத்தான் அவன் அளப்பான்.”

தோள்பைதான் வேண்டும். அது ஒரு கிலோவுக்குள் நிற்க வேண்டும். மேல் வாயால் கையை விட்டுத் துழாவுகிற பள்ளிக்கூடப் பை சரிவராது, சூட்கேஸ் போல முழுதாகத் திறக்க வேண்டும். உயரம் 55, அகலம் 35, தடிப்பு 20 சென்ரிமீற்றர். இந்த அளவென்றால் பெரும்பாலான கொம்பனிகளுக்கு ஒத்துப்போகும் என்பது மாமாவின் தீர்ப்பு. மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் முப்பத்தெட்டரை லீற்றர் வரும். லண்டனில் இருக்கும் மருமகன் ஒருவர் ரயன்எயார் சும்மா விடுகிற பையின் அளவைச் சொன்னபோது, 40, 30, 20 என்று மாமா மனதுக்குள்ளேயே பெருக்கி, “இருபத்திநாலு லீற்றரா? அது பேக் இல்ல, சோத்துப் பார்சல்” என்றார்.

பை வாங்கக் கல்முனைக்கு மாமாவோடு போவது தனிச் சுகம். கடைக்காரர் தூரத்தில் கண்டதுமே, “வந்திட்டாரு டேப்புக்காரரு” என்று பெடியனிடம் சொல்லுவார். மாமா பையை வெறுமையாக அளக்கமாட்டார். கடையில் கிடக்கும் பழைய பேப்பர்களையெல்லாம் உள்ளே திணித்து, சிப்பை இழுத்து மூடி, புடைத்து நிற்கும் முன்பக்கத்துக்கு மேலால் டேப்பை ஓட்டுவார். “வெறும் பேக்கை அளக்கிறவன் பசிச்ச வயித்துக்குப் பெல்ட் வாங்கிறவன்” என்பது அவர் கட்சி. இதில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இருபது என்று அட்டையில் போட்டிருக்கும் தடிப்பு, நிரம்பினால் இருபத்தைந்தாகும்.

நிறுப்பதற்குச் சந்தியில் மீன்காரரின் தொங்கு தராசு. திரளி இறங்கி, இறால் ஏறுவதற்கு இடையில் மருமகனின் பை ஏறும். தராசில் குற்றமில்லை. ஆனால் கைபிடியில் ஒட்டிய இறால் மணம் கோலாலம்பூர் வரை கூடப்போகும்.

எயார் ஏசியாவின் கதையை மாமா வேதம் மாதிரி ஓதுவார். 2001இல் கடனில் கிடந்த அந்தக் கொம்பனியை டோனி பெர்னாண்டஸும் கூட்டாளிகளும் ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார்கள், கடனையும் சேர்த்து. “ஒரு ரிங்கிட்டுக்குப் பிளேன் கொம்பனி வாங்கின மனிசன் உங்களுக்கு ஒரு கிலோவைச் சும்மா விடுவானா?”

மாமா பறந்தது ஒரே ஒருமுறை, சென்னைக்கு. இரவு முழுக்க பஸ்ஸில் குலுங்கிப் போய், ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகாத பறப்பு. பை ஆறு கிலோ தொள்ளாயிரம் கிராம். கவுண்டரில் இருந்த பிள்ளை பையைத் திரும்பியும் பார்க்காமல் சீட்டை நீட்டிவிட்டாள். “நிறுத்துப் பாருங்க பிள்ள” என்று மாமா கேட்டார். அவள் சிரித்தாள். பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை. அந்தக் கொம்பனியை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மாமாவின் கணக்கெல்லாம் பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் வரைக்கும்தான் நிற்கும். அதன் பிறகு சொந்தக்காரர் வரத் தொடங்குவார்கள். சின்னம்மா கறித்தூளோடு வருவாள். அடுத்த வளவு மாமி, மலேசியாவில் இருக்கும் மகனுக்கு இறால் கருவாடு, அதுவும் மூன்று பொலித்தீன் சுற்றி. கடைசியாகப் பெரியம்மா, கையில் தயிர்ச் சட்டி.

ஒரு தடவை மாமா அவளுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். 2006இல் லண்டனில் திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதி பிடிபட்டது, அதற்குப் பிறகுதான் கைப்பொதியில் நூறு மில்லிலீற்றருக்கு மேல் தண்ணிச் சாமான் ஏலாது என்ற சட்டம் வந்தது, தயிரும் அந்தக் கணக்குத்தான் என்றெல்லாம்.

“தண்ணியா?” பெரியம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “இது மட்டக்களப்புத் தயிர்கா. பார் தம்பி.” சட்டியை அப்படியே தலைகீழாகக் கவிட்டுப் பிடித்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

எத்தனையோ பைகளை அளந்த மாமா அன்றைக்கு வாயடைத்து நின்றார். தயிர் வீட்டிலேயே நின்றது. கறித்தூளும் கருவாடும் ஏறின. இறக்கப்பட்டது மருமகனின் ஜீன்சும் சப்பாத்தும்.

ஆகவே கையடக்கமாக ஒரு தோள்பை வாங்க நினைக்கிறவர்கள் பெரியகல்லாற்றுக்கு வந்து மாமாவிடம் தாராளமாக யோசனை கேளுங்கள், காசு வாங்கமாட்டார். சக்கரம் வேண்டாம், நிரப்பி அளவுங்கள், ஒரு கிலோவுக்குள் பாருங்கள். எந்தத் திகதியில் பறக்கிறீர்கள் என்பதை மட்டும் அவருக்கும் சொல்லாதீர்கள்.