ஸ்டாண்ட்பை ஷார்ட்கட்: மூலமும் உரையும்

கணினியைத் தூங்கவைக்க ஸ்டார்ட் மெனுவிலேயே வழி இருக்கிறது. சில கீபோர்டுகளில் பிறைநிலா போட்ட தனி விசை இருக்கிறது. லேப்டாப் என்றால் மூடியைச் சாத்தினால் போதும். இவ்வளவு இருந்தும் இதற்கென்றே டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் செய்துகொள்வோர் உளர் என்பது இவ்வாய்வின் தேவையை உணர்த்தும். தேவை உணர்த்தப்பட்டுவிட்டதால், நெறிப்படி, இனி அதைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது.

ஆய்வின் கால எல்லை, விண்டோஸ் எக்ஸ்பி வெளியான 2001 முதல் மேல்வீட்டு அண்ணன் மதுரைக்கு மாற்றலாகிப் போனது வரை. முதன்மைத் தகவலாளர் போய்விட்டால் எல்லையும் முடிந்துவிடும் என்பது எல்லாத் துறைகளிலும் உள்ள வழக்கம்.

மூலம் வருமாறு. டெஸ்க்டாப்பில் காலி இடம் பார்த்து ரைட் கிளிக் செய்து, நியூ, ஷார்ட்கட் என்று போனால் ஒரு பெட்டி திறக்கும். அதில் இதை அடிக்க:

ரன்டிஎல்எல்32.எக்ஸ்இ பவர்ப்ராஃப்.டிஎல்எல்,செட்சஸ்பெண்ட்ஸ்டேட் 0,1,0

பிறகு நெக்ஸ்ட், ஒரு பெயர், ஃபினிஷ். நூல் இவ்வளவே. இதை முதலில் சொன்னவர் யாரென்று தெரியவில்லை, ஆகவே தொன்மையானது.

எழுத்ததிகாரத்தில் கவனிக்க இரண்டு உண்டு. செட், சஸ்பெண்ட், ஸ்டேட் ஆகிய மூன்றின் முதல் எஸ்ஸும் (ஆங்கிலத்தில் அடிக்கும்போது) கேப்பிடலாக இருக்க வேண்டும். ஒன்று சிறுத்தாலும் ‘மிஸ்ஸிங் என்ட்ரி’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். எழுத்தில் பெரியது சின்னது என்ற ஏற்றத்தாழ்வே இல்லாத மொழியில் பிறந்தவனுக்கு இது சுயமரியாதைப் பிரச்சினை. அடுத்தது, பவர்ப்ராஃப் என்பதன் ஸ்பெல்லிங்கில் வர வேண்டிய ஓர் ‘ஈ’யைக் காணோம். இதை இடைக்குறை விகாரம் என்று கொள்வதே மரபு. டாஸ் காலத்தில் கோப்புப் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக்கூடாது என்றிருந்தது, அந்தப் பழக்கத்தின் மிச்சம் இது என்பாரும் உளர். அவர்கள் சொல்வது எடுத்த எடுப்பில் புரிந்துவிடுவதால் ஆய்வுலகம் அதை ஏற்கவில்லை.

சொல்லதிகாரம்: எக்ஸ்இக்குப் பின் ஒரு ஸ்பேஸ், எண்களுக்கு முன் ஒரு ஸ்பேஸ். முற்றிற்று.

இனிப் பொருளதிகாரம். 0,1,0 என்பதன் பொருள் என்ன?

முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே நிற்பதால் இது மாலைமாற்று. ஞானசம்பந்தர் இவ்வகையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். நச்சினார்க்கினியர் கையில் கிடைத்திருந்தால் இடம்மாற்றிக் கொண்டுகூட்டிப் புதுப்பொருள் கண்டிருப்பார். ஆனால் தலைகீழாகப் போட்டாலும் அதுவே வருவதால் அவருக்குமே கொஞ்சம் சிரமம்தான்.

முதல் சுழி, கணினி வெறுமனே தூங்க வேண்டுமா, ஹைபர்னேட் ஆக வேண்டுமா என்பதைக் குறிக்கும். சுழி என்றால் தூக்கம். நடுவில் நிற்கும் ஒன்று, கட்டாயப்படுத்தல் (மேல்வீட்டு அண்ணன், வாய்மொழி). கடைசிச் சுழி, எழுப்ப உரிமையுள்ளோர் எழுப்பலாம் என்ற அனுமதி. இதில் கருத்து வேறுபாடு எதுவும் இல்லாததால் துறை சில காலம் தேங்கிக் கிடந்தது. நல்லவேளையாகப் பாடபேதங்கள் கிடைத்தன. 0,0,0 என்பது ஒரு பாடம் (டிடிபி சென்டர் பிரதி, மானிட்டருக்குப் பின்சுவரில் ஒட்டியது, சாம்பிராணிப் புகையில் நடு எண் மங்கியதால் பதிப்பாசிரியர் ஊகித்துப் போட்டது). 1,1,0 என்பது இன்னொன்று (சித்தப்பா மகன், வாட்ஸாப் குரல் பதிவு, இரண்டாம் குக்கர் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடையில், சித்தி குறுக்கிட்டதால் கமாக்கள் உறுதிப்படவில்லை). எண்களே இல்லாத பாடமும் உண்டு (பழைய டெலிபோன் பில்லின் பின்பக்கம், பென்சில் எழுத்து, மளிகைக் கணக்குக்குக் கீழே, ‘து. பருப்பு ½ கிலோ’ என்ற வரி மூலத்தைச் சேர்ந்ததா இடைச்செருகலா என்பதில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் இன்றுவரை உடன்பாடில்லை, அண்ணி தரப்பின் சான்றுகள் வலுவானவை).

இந்த இடத்தில் ஒரு சிறு சங்கடம். இந்த மூன்று எண்களைக் கணினி படிப்பதே இல்லை.

ரன்டிஎல்எல்32 யாரைக் கூப்பிட்டாலும் தன் வழக்கப்படி நான்கைத்தான் கையில் கொடுக்கும்: ஒரு ஜன்னலின் அடையாள எண், ஒரு புரோகிராமின் அடையாள எண், நாம் அடித்த வரி மெமரியில் கிடக்கும் முகவரி, ஜன்னலை எப்படிக் காட்டுவது என்ற குறிப்பு. செட்சஸ்பெண்ட்ஸ்டேட்டோ ஆம், இல்லை என்று மூன்று பதில்களுக்காகக் காத்திருக்கிறது. முதலில் வந்து விழும் ஜன்னல் எண்ணையே ‘ஹைபர்னேட் ஆகட்டுமா?’ என்ற கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொள்கிறது. சுழி அல்லாத எதுவும் அதற்கு ‘ஆம்’தான். அதனால்தான் ஹைபர்னேட் வசதி இயங்கும் கணினிகளில், ஸ்டாண்ட்பை கேட்டு டபுள் கிளிக் செய்தவர்களுக்கு ஹைபர்னேட் வாய்க்கிறது. ரன்டிஎல்எல்32 கூப்பிடும் ஃபங்ஷன் அதற்கென்று வகுத்த வடிவில் எழுதப்பட்டிருக்க வேண்டும், கண்டதையும் கூப்பிடக்கூடாது என்று மைக்ரோசாப்ட்டின் ரேமண்ட் சென் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். போதாததற்கு, நடுவில் நிற்கும் ‘ஒன்று’ ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாலும் எந்த விளைவும் இல்லை என்று அந்த நிறுவனத்தின் ஆவணமே சொல்கிறது.

இதனால் உரைமரபு பொய்த்தது என்று கொள்ளலாகாது. மூலத்தை எதிர்பாராமல் நிற்பதே உரையின் முதிர்ந்த நிலை. பல்கலைக்கழகங்களில் அந்த நிலையை எட்ட முப்பது ஆண்டுப் பணிமூப்பு தேவைப்படுகிறது. நம் அண்ணன் மொட்டைமாடியில் ஒரே சாயங்காலத்தில் எட்டினார்.

தூக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்போருக்கு: கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையோடு ‘-ஹெச் ஆஃப்’ சேர்த்து அடித்தால் ஹைபர்னேட் ஒழியும். ‘சி’ டிரைவில் ஜிகாபைட் கணக்கில் இடம் அடைத்துக்கொண்டிருந்த ஹைபர்ஃபில்.சிஸ் என்ற கோப்பும் போய்விடும். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே போகும். அதன்பின் ஷார்ட்கட் சொன்னபடி தூங்கவைக்கும். இந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் பிஎஸ்ஷட்டவுன் என்று ஒன்று இருக்கிறது. ‘-டி’ என்று சேர்த்தால் தூங்கவைக்கும். அது சொன்னதைச் செய்துவிடுகிறது. ஆகவே ஆய்வுக்கு உரியதன்று.

தத்துவப் பின்புலம் இல்லாமல் கட்டுரை முழுமை பெறாது. இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் ஏசிபிஐ என்ற மின்நிர்வாக நெறியை வெளியிட்டன. அதில் எஸ்3 என்பது ரேமுக்கு மட்டும் கரன்ட் கொடுத்துத் தூங்குவது. எஸ்4 நினைவை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குவது. எஸ்5 அணைந்தே போவது. எஸ்1 முதல் எஸ்5 வரை எண்ணினால் ஐந்து. சைவ சித்தாந்தத்திலும் அவத்தை ஐந்து. விழித்திருக்கும் எஸ்0-ஐ ஏன் எண்ணவில்லை, அங்கே விழிப்பு நிலையான சாக்கிரத்தை மட்டும் ஏன் எண்ணினீர் என்று கேட்டால், விட்டால்தான் ஐந்து வருகிறது. எண்ணிக்கை பொருந்திவிட்டால் நம்மிடம் அதற்குப் பெயர் ஒப்பாய்வு.

ஐகான் பற்றி ஒரு வார்த்தை. ஷெல்32.டிஎல்எல்லைத் திறந்து பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். தூக்கத்துக்குப் பிறைதான் குறி என்று ஐஇஇஇ அமைப்பு 2004-இல் 1621 என்ற எண்ணில் தரநிலையே வகுத்துவிட்டது. முழுநிலவு வைப்போர் தரநிலைக்கு வெளியே நிற்கிறார்கள்.

எஞ்சியது எழுப்பல் இயல். தூங்கவைத்த கணினியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் மவுஸ் அசைந்து எழுப்பிவிடுகிறது. யார் யாருக்கு எழுப்பும் உரிமை என்பதைப் பவர்சிஎஃப்ஜியிடம் ‘டிவைஸ்க்வெரி வேக்_ஆர்ம்ட்’ என்று கேட்டால் பட்டியலாகக் கொடுக்கும். மவுஸின் உரிமையைப் பறிக்க டிவைஸ் மேனேஜருக்குள் போய், அதன் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலுள்ள டிக்கை எடுத்தால் போதும். மொத்தமே நான்கைந்து கிளிக். அதைத் தனிக் கட்டுரையாக விரித்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டோடு கூடிய பன்னாட்டுக் கருத்தரங்கு எதுவும் அறிவிக்கப்பட்டால் படிப்பேன். பதிவுக் கட்டணத்தை அவர்களே போட்டுக்கொள்ள வேண்டும்.