ஹெரால்டை ஷெட்டில் பூட்டாதீர்கள்

கேள்வி: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வெயில், மழை பார்க்காமல் தினமும் ஓட்ட முடியுமா?
– வாசகர், பாப்பாரப்பட்டி

பதில்: தாராளமாக! அந்த இனத்துக்கு நம் பக்கத்து நெருங்கிய சொந்தம், சென்னை வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1962-ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்ததுதான். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அப்படிப்பட்ட ஹெரால்டைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அன்றாட வண்டியாகவே ஓட்டின.

பழைய வண்டியைக் கெடுப்பது ஓட்டமல்ல, நிறுத்தி வைப்பதுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் தேங்கினால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் அரிக்கும். அன்றாடம் செலவானால் தேங்க நேரமேது? அதே எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் தின்னுமே என்பீர்கள். நியாயம்தான், எத்தனால் தாங்கும் புதுக் குழாய்களைப் போடுங்கள். தருமபுரிச் சித்திரை வெயிலுக்கு ரேடியேட்டரில் அடைப்பெடுத்து வையுங்கள். ஐப்பசி மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி நனையக் கூடாது. உண்மையான குறை ஒன்று உண்டு: பின்புற ஸ்விங் ஆக்சில். வளைவில் வேகமாகப் புகுந்து, பயந்துபோய் சட்டென ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டியின் பின்பக்கம் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதே இதற்கு மருந்து.

சட்டத்தையும் கவனியுங்கள். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' எனப் பதிந்தால் அன்றாடம் ஓட்டத் தடை. அந்தப் பட்டத்துக்கு ஆசைப்படாமல், சாதாரணப் பதிவையே 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வாருங்கள்.