ஆட்டையப் போட முடியாத ஆறு

காசிமேட்டில் வழியில் கிடந்த செல்போனை ஒருவன் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் அது திருட்டா? இல்லை என்கிறது சட்டம். தெருவில் யார் வசமும் இல்லாமல் கிடக்கும் மோதிரத்தை எடுப்பவன் திருடன் அல்ல, கையாடல் செய்தவனாக வேண்டுமானால் ஆகலாம் என்று 1860-லேயே உதாரணம் எழுதி வைத்துவிட்டார்கள். 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கான 378-ஆம் பிரிவு 303 ஆனது. மோதிரம் மட்டும் அதே தெருவில் அப்படியே கிடக்கிறது. (இந்த உதாரணத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் எடுத்துச் சொல்லும்படி நான் யாருக்கும் யோசனை தர மாட்டேன்.)

பொருளுக்குச் சொந்தக்காரர் பெரிய ஆளாக இருந்தால் சட்டத்துக்குக் கால் முளைத்துவிடும். 2010 மார்ச்சில் ஆப்பிள் கம்பெனி எஞ்சினியர் ஒருவர் கலிபோர்னியாவில் பீர் குடிக்கப் போன இடத்தில், இன்னும் கடைக்கு வராத ஐபோன் 4 மாதிரியை விட்டுவிட்டு வந்தார். எடுத்தவர்களிடமிருந்து கிஸ்மோடோ இணைய இதழ் 5,000 டாலருக்கு அதை வாங்கிப் பிரித்துப் படம் போட்டது. ஒரே வாரத்துக்குள் போலீஸ் அந்த இதழின் ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கதவை உடைத்துக் கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போனது. கடைசியில் போனை எடுத்து விற்ற இருவருக்கும் கிடைத்த தண்டனை, 40 மணி நேர சமூக சேவையும் ஆப்பிளுக்கு 250 டாலர் ஈடும்.

நம் போலீசும் சளைத்ததில்லை. 2024 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 35 கோடி ரூபாய் மடிக்கணினிகளோடு ஒரு கண்டெய்னரையே சிலர் ஆட்டையப் போட்டார்கள். சில நாளில் ஆட்கள் சிக்கினார்கள், சரக்கும் பெரும்பாலும் மீண்டது. நல்ல வேலை, பாராட்டுகிறேன். அதே சுறுசுறுப்போடு கொஞ்சம் வடக்கே எண்ணூர் வரை வந்து போனால் இன்னொரு காணாமல் போன சாமானையும் காட்டுவேன். அது கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம்.

1996-இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடற்கரை மண்டல வரைபடத்தில் கழிமுகம் இருக்கிறது. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது தமிழக அரசுத் தரப்பு கொடுத்த வரைபடத்தில் அது இல்லை. ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் நீர்ப்பரப்பு காகிதத்தில் ஆவியாகிவிட்டது என்று 2017-இல் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் கத்தினார்கள். அதில் வலை போட்டுக்கொண்டே கத்தினார்கள் என்பதுதான் விசேஷம். எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவனுக்கு இடுப்பளவு தண்ணீர், அரசுக்குக் காய்ந்த நிலம்.

இது திருட்டா என்றால், வக்கீல்கள் சிரிப்பார்கள். அடுத்தவர் வசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதமில்லாமல், கெட்ட எண்ணத்தோடு இடம் பெயர்த்தால்தான் திருட்டு. மரம் வேரோடு நிற்கும் வரை அதைத் திருட முடியாது, வெட்டிச் சாய்த்த பிறகே அது திருட்டுப் பொருளாகும். கழிமுகத்தை யாரும் லாரியில் ஏற்றவில்லையே? நகர்ந்தது வரைபடத்தில் ஒரு கோடு மட்டும்தான். தவிர, அது யார் வசம் இருந்தது என்று அடுத்த கேள்வி வரும். தலைமுறை தலைமுறையாக இறாலும் மடவையும் பிடித்தவனிடம் பட்டாவா இருக்கிறது?

சரி, எடுத்தால்தானே திருட்டு, கொண்டுவந்து கொட்டினால்? வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் பல ஆண்டுகளாகக் கழிமுகத்தில் கசிந்து ஆற்றைத் தூர்த்தன. இதில் களவு எங்கே இருக்கிறது? தானம் அல்லவா! ஆழம் போய்விட்டது, மீன் போய்விட்டது என்கிறீர்கள். போன மீனை யார் எடுத்துப் போனார் என்று சாட்சி சொல்ல முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றையும் கறுப்பாக்கியது. அப்போது பாதித்த மீனவக் குடும்பத்துக்கு அரசு நிர்ணயித்த நிவாரணம் 12,500 ரூபாய். அந்தக் கண்டெய்னரில் இருந்த ஒரு மடிக்கணினி வாங்கக்கூடக் காணாது.

ஆகவே கைவிலங்கு வேண்டாம், புதுச் சட்டத்தின் சலுகையையே கேட்போம். களவு போனதன் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழ், குற்றவாளிக்கு இது முதல் தடவை, எடுத்ததைத் திருப்பியும் கொடுத்துவிட்டால் சிறை கிடையாது, சமூக சேவை மட்டும்தான். மதிப்பைக் குறைத்துக் காட்டுவது பெரிய வித்தை இல்லை, புறம்போக்குதானே ஐயா! முதல் தடவை என்று நிரூபிப்பதுதான் சிரமம். திருப்பிக் கொடுக்கும் யோசனை யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

மிச்சம் சமூக சேவை. அதற்கும் ஆள் தேட வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயைக் கரையில் வாளியால் மொண்டவர்களில் மீனவர்களும் உண்டு. 2023-இல் ஆலை எண்ணெயைப் படகில் போய்க் கையால் அள்ளி டிரம்மில் நிரப்பியவர்களும் அவர்களே. குற்றம் யார் மேல் என்று முடிவாகும் முன்பே தண்டனையை எண்ணூர்க்காரன் அனுபவித்து முடித்துவிட்டான்.