மாப்பிள்ளை வீட்டு மரத்தரை

சீர் கொடுப்பதற்கு எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் ஒரு காலத்தில் அறிவு தேவைப்படவில்லை. பணம் இருந்தால் போதும். குடம் என்றால் ஒழுகக் கூடாது, கட்டில் என்றால் ஆடக் கூடாது, பீரோ என்றால் பூட்டு விழ வேண்டும். பரீட்சை அவ்வளவுதான். திருப்பதியில் மகளும் மாப்பிள்ளையும் பிளாட் வாங்கிக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தபோது, "என்ன வேணும்னு கூச்சப்படாம சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன். "ஒண்ணும் வேணாம் மாமா. ஒரு வாக்யூம் கிளீனர் போதும். மரத்தரைக்கு ஏத்ததாப் பாத்துக்குங்க" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று தொடங்குகிற மாப்பிள்ளைகளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பீரோ கேட்கிறவர் ஒரு மணி நேரத்தில் நம்மை விட்டுவிடுவார்.

எங்கள் சீமையில் மரத்தரை என்பதே ஒரு வேடிக்கை. கல்லுக்குப் பஞ்சமில்லாத பூமி இது. குப்பத்துப் பச்சை கிரானைட் கப்பலேறிப் போகிறது. கொஞ்சம் வடக்கே போனால் கடப்பா. தமிழ்நாட்டுச் சமையலறை அலமாரிகளெல்லாம் அந்த ஊர்ப் பெயரைத்தான் சுமந்து நிற்கின்றன. நம் கல் வெளிநாட்டு வீடுகளில் பளபளக்கிறது. அவர்கள் மரம் திருப்பதி பிளாட்டில் வந்து படுத்திருக்கிறது. இதற்குப் பெயர் வர்த்தகம் என்று மாப்பிள்ளை சொன்னார். நான் வேறு பெயர் வைத்திருந்தேன். சம்பந்தி பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

மரத்தரை என்றதும் உறவினர்கள் ஒவ்வொருவரும் போனில் குரலைத் தாழ்த்தி, "செம்மரமா?" என்றார்கள். திருப்பதியில் உரக்கக் கேட்கக் கூடாத கேள்விகளில் இது ஒன்று. சேஷாசல மலையிலும் அதையொட்டிய காடுகளிலும் தானாக வளர்கிற மரம் அது. அதைக் கடத்துகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே தனிப் போலீஸ் படை திருப்பதியில் இருக்கிறது. எங்கள் கொலுப்படியில் நிற்கும் மரப்பாச்சி ஜோடியைத் தவிர எங்கள் குடும்பத்துக்கும் செம்மரத்துக்கும் எந்த உறவும் இல்லை என்று எல்லோருக்கும் தனித்தனியே விளக்கினேன். மாப்பிள்ளை வீட்டில் போட்டிருப்பது எஞ்சினியர்டு வுட். மேலே 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஓக் மரம், அதன் மேல் ஒரு மெல்லிய பூச்சு, அடியில் முழுக்கப் பிளைவுட். "அப்போ மேல பட்டு, உள்ள பருத்தின்னு சொல்லுங்க" என்றார் சம்பந்தியம்மா. எந்தக் கம்பெனி விளம்பரமும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

அந்த மேல் பூச்சுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். நம் ஊரில் தரையைச் சுத்தம் செய்வது என்றால் தண்ணீர்தான். வாளி நிறையத் தண்ணீர், ஒரு மூடி பினாயில், வெள்ளிக்கிழமையானால் ஒரு கைப்பிடி கல்லுப்பு. கிரானைட் இதையெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தாங்கும். மரம் தாங்காது. தண்ணீர் குடித்தால் உப்பும், இணைப்புகள் தூக்கிக்கொள்ளும், சித்திரை வெயிலில் சுருங்கி இடுக்கு விடும். அந்த இடுக்கில் ஒரு கடுகு விழுந்தால் துடைப்பத்துக்கு அது பாதாளம்.

தூசு மரத்துக்குப் பெரிய பகையில்லை. பகை, கடினமான பொடி. வாசலில் போட்ட கோலம் கல்மாவாக இருந்தால் அது பாதத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்து, நடக்க நடக்க உப்புத்தாள் வேலை செய்யும். திருப்பதி வீட்டுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அதுதான் லட்டு, 2009-ல் புவிசார் குறியீடு வாங்கியது. உள்ளே முந்திரி, திராட்சையோடு கற்கண்டும் இருக்கும். மலையிலிருந்து இறங்கி வருகிற உறவினர் நின்றபடியே லட்டை உடைப்பார். பூந்தி உதிர்ந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். கற்கண்டு உதிர்ந்து, அதன் மேல் ஒருவர் நாற்காலியை இழுத்தால், ஓக் மரத்தில் பெருமாள் அருளால் ஒரு கோடு விழுந்துவிடும்.

ஆக, பொடியைத் தேய்க்காமல் தூக்கி எடுக்க ஒரு மிஷின் வேண்டும். கேள்வி எளிது. ஆனால் கடைக்காரர்கள் வேறு கேள்விக்குப் பதில் வைத்திருந்தார்கள்.

இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1901-ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற எஞ்சினியர் செய்த மிஷின் குதிரை வண்டியில் வரும். தெருவில் நின்றபடி ஜன்னல் வழியாகக் குழாயை உள்ளே விட்டுத் தூசை இழுக்கும். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளத்தை அதுதான் சுத்தம் செய்தது. 1907-ல் அமெரிக்காவின் ஓஹையோவில் ஜேம்ஸ் ஸ்பாங்ளர் என்ற ஆஸ்துமாக்காரர், கடையைப் பெருக்கிப் பெருக்கி இருமல் தாங்காமல், மின்விசிறி மோட்டார், துடைப்பக் கழி, தலையணை உறை இவற்றைக் கட்டிக் கையில் தள்ளும் மிஷின் செய்தார். அதில் சுழலும் பிரஷ் ஒன்றையும் வைத்தார். அதன் காப்புரிமையை வாங்கியவர்தான் ஹூவர். பூத்தும் ஸ்பாங்ளரும் போரிட்டது கம்பளத்தோடு. கம்பளத்தின் அடிவரை போய் உதறத்தான் அந்தச் சுழலும் பிரஷ். மரத்தரையில் அதற்கு என்ன வேலை? முரட்டு நார் வைத்த பிரஷ் கற்கண்டை நான்கு திசைக்கும் எறியும். போகிறபோது பூச்சையும் கீறும்.

இந்தியாவுக்கு வந்தபோதும் இதே சிக்கல்தான். 1982-ல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் வாக்யூம் கிளீனரை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றது. டை கட்டிய இளைஞர்கள் வருவார்கள். நம் வீட்டில் கம்பளம் ஏது? அதனால் மெத்தையின் மேல் மிஷினை ஓட்டி, வந்த அழுக்கை வெள்ளைத் துணியில் கொட்டிக் காட்டுவார்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு அவமானத்தில் முகம் சிவக்கும். அந்தச் சிவப்பு ஆறுவதற்குள் தவணை முறையில் கையெழுத்தாகிவிடும். அப்புறம் பல வீடுகளில் மிஷின் பரணுக்கும் துடைப்பம் பழைய பதவிக்கும் போய்ச் சேர்ந்தன.

நாங்கள் போன கடையிலும் முதலில் தரையில் ஒரு துண்டுக் கம்பளத்தை விரித்து, மைதாவைத் தூவித்தான் வித்தை காட்டினார்கள். "மஞ்சி பவர் உந்தி சார், 2000 வாட்ஸ்!" என்றார் பையன். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவனிடம் வாட்ஸைப் பற்றிப் பேசியது அந்தப் பையனின் கெட்ட நேரம். "தம்பி, வாட்ஸ் என்பது அது தின்கிற மின்சாரம். எவ்வளவு தின்கிறது என்பது எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. நம் குடும்பங்களிலேயே உதாரணம் இருக்கிறது" என்றேன். ஐரோப்பாவில் 2017-லிருந்து 900 வாட்ஸுக்கு மேல் விற்கவே முடியாது, சத்தமும் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. அங்கே தரை ஒன்றும் அழுக்காகக் கிடக்கவில்லை என்றும் சொன்னேன்.

பையன் பாஸ்கலுக்குத் தாவினார். "இது 20,000 பாஸ்கல் சார்." பாஸ்கல் என்பது அழுத்த வித்தியாசம். குழாயின் வாயைக் கையால் அடைத்துவிட்டால் அது உச்சத்துக்குப் போகும். ஒரு துளி தூசும் நகராது. தூசைக் கொண்டுபோவது ஓடுகிற காற்று. அதனால் மழமழவென்ற தரைக்கு, வாயை அப்பிக்கொள்ளும் பலத்தைவிடக் காற்று தடையில்லாமல் ஓடும் வாய்தான் முக்கியம். இதை விளக்கி முடித்தபோது கடையில் மின்விசிறி பார்க்க வந்த இரண்டு பேர் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி மட்டும், "பரீட்சை வச்சு மார்க் போட்டுட்டு வாங்க, நான் வெளிய நிக்கறேன்" என்று போய்விட்டாள்.

அடுத்து, கம்பி உள்ளதா இல்லாததா என்ற விவாதம். கம்பியை இழுத்துக்கொண்டு போகும் உருளை மிஷினில் பலம் குறையாது. ஆனால் அதன் சக்கரம் கடினப் பிளாஸ்டிக் என்றால், சக்கரத்தில் ஒட்டிய மணல் மரத்தில் ரயில் பாதை போடும். ரப்பர் சக்கரம்தான் வேண்டும். பேட்டரிக் கழி மிஷின் லேசானது, ஆனால் ஆயுள் குறைவு. "அறுபது நிமிஷம் ஓடும் சார்" என்றார் பையன். சித்தூர்க்காரர்களுக்கு இதுபோன்ற சமயங்களில் ஒரு வசதி உண்டு. பக்கத்திலேயே காணிப்பாக்கம். அந்தப் பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிவதில்லை. ஊர் வழக்கையெல்லாம் அங்கே சத்தியம் செய்துதான் தீர்ப்பார்கள். "தம்பி, காணிப்பாக்கத்துல வந்து சொல்லுவீங்களா?" என்றேன். பையன் கொஞ்சம் யோசித்து, "குறைஞ்ச ஸ்பீடுல அறுபது சார். புல் ஸ்பீடுல பத்து" என்றார். பிள்ளையார் ஐம்பது நிமிஷத்தைக் கழித்துக் கொடுத்துவிட்டார். ஆனால் மரத்தரைக்குக் குறைந்த ஸ்பீடே போதும் என்பதால் அந்தப் பத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

மாப்பிள்ளைக்கு ரோபோ மேல் ஒரு கண். 2002-ல் அமெரிக்காவில் ரூம்பா வந்ததிலிருந்து தட்டு வடிவத்தில் தானே உலாவும் மிஷின்கள் பெருகிவிட்டன. சம்பந்தியம்மாவின் ஆட்சேபம் உடனே வந்தது: "பாத்ரூம் வாசல்ல உருண்ட சக்கரம் பூஜை ரூமுக்குள்ள வரலாமா?" நல்ல கேள்விதான். விசாரித்ததில், பெரும்பாலான ரோபோக்கள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயரமான படியை ஏறாது என்று தெரிந்தது. பூஜை அறைக்கு மஞ்சள் பூசிய நிலைப்படி இருக்கிறது. வந்து முட்டித் திரும்பிவிடும். "அதுக்கே மடி தெரியுது பாருங்க" என்று சம்பந்தியம்மா உருகிப்போனார்.

ரோபோ தோற்றது வேறு இடத்தில். அதற்குக் காலித் தரை வேண்டும். நம் வீட்டில் தரை எப்போது காலியாக இருந்தது? காய் நறுக்குவது அங்கே, பூக்கட்டுவது அங்கே, பேரன் படிப்பது அங்கே. திருப்பதியில் வீடு இருந்தால் வேலூரிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் தரிசனத்துக்கு வருகிற சொந்தம் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். காலை ஆறு மணிக்கு ஒரு மிஷின் தானே கிளம்பிப் பெரியப்பாவின் வேட்டி நுனியை உறிஞ்சத் தொடங்கினால் சம்பந்தம் நிலைக்குமா?

இடையில் ஒரு சாஸ்திரச் சிக்கல். மகள் வேலையிலிருந்து திரும்பவே இரவு ஏழாகும். விளக்கு வைத்த பின் வீட்டைப் பெருக்கினால் லட்சுமி வெளியே போய்விடுவாள். வாக்யூம் கிளீனருக்கு இது பொருந்துமா? என் மனைவிதான் தீர்ப்புச் சொன்னாள்: "துடைப்பம்னா வாசல் பக்கம் தள்ளும், லட்சுமி போயிடுவா. இது உள்ளேயே இழுத்து வச்சுக்குது. எங்க போவா? டப்பாவுலதான் இருப்பா. காலையில கொட்டிக்கலாம்." சம்பந்தியம்மா இதை ஏற்றுக்கொண்டார். டப்பாவைக் காலையில் கொட்டும்போது லட்சுமியின் நிலை என்ன என்று நான் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டில் சில கேள்விகள் பௌதிகத்துக்கு அப்பாற்பட்டவை.

கடைசியில் தேர்ந்தெடுத்தவர், அந்த வீட்டில் வேலை செய்ய ஒப்புக்கொண்ட அம்மா. மிஷினைத் தினமும் பிடிக்கப்போகிறவர் அவர் ஒருவர்தான் என்பதும், அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதும் மகளுக்குத்தான் தோன்றியது. கடைக்கே கூட்டிவந்தாள். அவர் வாட்ஸ் கேட்கவில்லை, பாஸ்கல் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் கையில் தூக்கிக் குனிந்து, மேஜைக்கு அடியில் விட்டுப் பார்த்தார். பெரிய சத்தம் போட்ட ஒன்றைக் கீழே வைத்து, "குரைக்கிற நாய்" என்றார். மென்மையான துணி உருளை வைத்த ஒரு கழி மிஷினை எடுத்து, அந்த உருளையைத் தன் புறங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது கீறாதும்மா. முடி சுத்திக்கிட்டா எப்படிக் கழட்டறது?" என்றார். பையன் ஒரு திருகில் உருளையை வெளியே எடுத்துக் காட்டினார். நான் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த ஞானமெல்லாம் அந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. அதையே வாங்கினோம்.

மரத்தரை போட்டவர்களுக்கு என் தீர்ப்பு இது: சுழலும் பிரஷை நிறுத்த முடியாத மிஷின் வேண்டாம், உருளை மென்மையாக இருக்கட்டும், சக்கரம் ரப்பராக இருக்கட்டும், எடையைத் தூக்கப்போகிறவர் கையால் பாருங்கள், ஈரம் துடைக்கிற மிஷினென்றால் துணியைப் பிழிந்து விடுங்கள். வாசலில் நல்ல மிதியடி போட்டு, நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டினால் மிஷினுக்குப் பாதி வேலை மிச்சம். செருப்பை வெளியே விடுகிற வழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. தரிசனத்துக்கு வருகிற சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: தாராளமாக வாருங்கள், தங்குங்கள், ஆனால் லட்டைத் தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள்.