சின்னவனைப் பிடியுங்கள்!

கே: பத்து வருட அக்வா. காலையில் பட்டனை அமத்தினால் டாஷ்போட்டில் உள்ள லைட் எல்லாம் ஒன்றாக எரிகின்றன, சிவப்பு முக்கோணம் உட்பட. ‘ரெடி’ மட்டும் வருவதில்லை. ஹைபிரிட் பற்றரி முடிந்துவிட்டது என்கிறார் மச்சான். – கோண்டாவில் வாசகர்

ப: மச்சான்மார் பேச்சைக் கேட்டு இந்த நாட்டில் எத்தனை பரப்புக் காணி கைமாறியிருக்கிறது தெரியுமா? ஒரு லைட் எரிந்தால் ஒரு வருத்தம். எல்லாம் சேர்ந்து எரிந்தால் கம்ப்யூட்டர்களுக்குச் சாப்பாடு போதவில்லை, பசி மயக்கத்தில் ஆளுக்கொன்று உளறுகின்றன என்றே முதலில் சந்தேகப்படுங்கள். அந்தச் சாப்பாட்டைப் போடுவது பெரிய பற்றரி அல்ல. பின் சீற்றுக்குக் கீழே ஒரு சாதாரண 12 வோல்ற் பற்றரி ஒளிந்திருக்கிறது. அவனைச் சின்னவன் என்போம். படலைத் திறப்பு அவன் கையில். அவன் திறந்துவிட்டால்தான் பெரியவர் வெளியே வரமுடியும்.

இந்தக் காரில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. எஞ்சினைச் சுழற்றுவதும் பெரியவரே. அதனால் சின்னவன் சாகக் கிடந்தாலும் பழைய கார் மாதிரி இழுத்து இழுத்து முனகிக் காட்டமாட்டான். நேற்று இருந்தான், இன்று இல்லை, அவ்வளவுதான். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் முதல் வேலையாக மல்ரிமீற்றர் வைத்துப் பாருங்கள். 12.5க்கு மேலே என்றால் சுகம். 12க்குக் கீழே என்றால் மச்சானுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டுப் பற்றரிக் கடைக்குப் போங்கள். கண்டதையும் வாங்கவேண்டாம். ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் வைப்பதால், வாயுவை வெளியே விடும் குழாய் பூட்டக்கூடிய வகைதான் வேண்டும்.

கே: ஹைபிரிட் காரை இரவில் சார்ஜ் போட வேண்டுமா? – வவுனியா வாசகர்

ப: காரை வேண்டாம். போனைப் போடுங்கள்.

கே: காரை ஸ்டார்ட் செய்ததும் ஒரு ஜப்பானியப் பெண் கண்டிப்பாக ஏதோ சொல்கிறாள். பற்றரி பற்றிய எச்சரிக்கையா? – திருகோணமலை வாசகர்

ப: பெரும்பாலும் அதிவேகப் பாதைக் கட்டண அட்டையைச் செருகவில்லை என்ற முறைப்பாடுதான். அது ஜப்பான் வீதிகளுக்கு உரியது. நீங்கள் நிலாவெளிக்கு மீன் வாங்கத்தான் போகிறீர்கள் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கே: பற்றரி அளவு காட்டும் கட்டைகள் மளமளவென்று ஏறுகின்றன, அதே வேகத்தில் இறங்குகின்றன. சின்னவனா? – மட்டக்களப்பு வாசகி

ப: இல்லை அக்கா, இந்த முறை பெரியவர்தான். முதல் தலைமுறை அக்வாவில் 20 மொடியூல், மொத்தம் 144 வோல்ற். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28 மொடியூல், 201.6 வோல்ற். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒன்று நலிந்தாலும் முழு அணியும் அதன் வேகத்தில்தான் நடக்கும். ஸ்கான் செய்தால் பி0ஏ80 என்ற பற்றரிப் பழுதுக் குறியீடு வரலாம். அந்த நம்பரைக் கண்டதும் சில கராஜ்காரர் முகத்தில் வரும் சிரிப்பைக் கவனியுங்கள். உடனே பணத்தை எண்ணாமல், தொகுதி தொகுதியாக வோல்ற் அளவைக் காட்டச் சொல்லுங்கள். மொடியூல்களை இணைக்கும் செம்புத் தகடுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சில வேளை அதைத் துடைப்பதோடு கதை முடிந்துவிடும்.

அதற்கும் முன்னே பின் சீற்றுப் பக்கமுள்ள காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். பெரியவர் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். நம்மவர்களோ அதன்மேல் துவாய் விரிப்பார்கள், பூப்போட்ட குஷன் வைப்பார்கள், பாடசாலைப் பையைச் சாய்ப்பார்கள். உள்ளே உள்ள விசிறியில் நாய் மயிரும் தூசும் கம்பளியாகத் திரண்டிருக்கும். மூச்சு முட்டிச் சூடேறும் பற்றரிக்கு ஆயுள் குறைவு. குஷன் விற்பவர்களைப் பற்றி இந்தப் பகுதியில் நான் முன்பும் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன்.

ஒரே ஒரு மொடியூலை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பார்கள். மலிவுதான். ஆனால் கூட இருந்த மற்றவையும் அதே வயதுக் கிழங்கள். அடுத்தது எப்போது படுக்கும் என்று காத்திருக்க வேண்டும்.

கே: 2022இல் பெற்றோல் வரிசையில் எண்ணெய் தீர்ந்தபிறகும் பற்றரியிலேயே அடிஅடியாக முன்னேறினேன். சாமர்த்தியம்தானே? – வெள்ளவத்தை வாசகர்

ப: வரிசையில் பக்கத்துக் காரைத் தள்ளியவர்கள் உங்களைப் பார்த்து விட்ட பெருமூச்சே போதும், பற்றரி பழுதாக. பெற்றோல் இல்லாமல் பெரியவரை அடியோடு கறந்துவிட்டால், பிறகு பெற்றோல் ஊற்றினாலும் எஞ்சினைச் சுழற்ற ஆளில்லை. இன்னொன்று: ஏசி போட்டபடி நியூட்ரலில் காத்திருந்தீர்களா? நியூட்ரலில் எஞ்சின் பெரியவருக்குச் சார்ஜ் கொடுக்காது. நிற்பதென்றால் ‘பி’யில் நில்லுங்கள்.

கே: முக்கோண லைட்டின் மேல் கறுப்பு ரேப் ஒட்டலாமா? – கிளிநொச்சி வாசகர்

ப: விற்கப் போகிறீர்கள் போலிருக்கிறது. வாங்கப் போகிறவருக்கு ஒரு வார்த்தை: பட்டனைப் போட்டதும் எச்சரிக்கை லைட்கள் ஒருமுறை எரிந்துதான் அணையவேண்டும். எரியாத லைட்தான் பொய் சொல்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். அதற்குள் பழைய ஹைபிரிட்டெல்லாம் தங்க விலைக்கு ஏறிவிட்டன. தங்கத்தை உரசாமல் வாங்குவீர்களா?

கே: வீட்டு வயரிங் வேலை செய்பவன் நான். வீடியோ பார்த்து ஹைபிரிட் பற்றரியை நானே திறக்கப் போகிறேன். என்ன கையுறை வாங்கலாம்? – சாவகச்சேரி வாசகர்

ப: தம்பி, இதற்குப் பகிடி இல்லை. வீட்டுக் கறண்ட் என்றால் பிரேக்கரை இறக்கினால் அடங்கிவிடும். இது நேரோட்டம். சேவிஸ் பிளக்கைக் கழற்றினால் செம்மஞ்சள் வயர்களுக்குப் போகும் வழி அறும். ஆனால் பெட்டிக்குள் மொடியூல்கள் உயிரோடுதான் இருக்கும். இன்வேட்டரிலுள்ள கப்பாசிற்றர்கள் வெறுமையாகப் பத்து நிமிடமாவது காத்திருக்கவேண்டும். கையுறை 1000 வோல்ற் தாங்கும் இறப்பராக இருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் காற்றடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தே போடவேண்டும். மோதிரம், கைச்சங்கிலி, மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். வீடியோ போட்டவர் பிழைத்தவர். பிழைக்காதவர்கள் வீடியோ போடுவதில்லை. உங்களுக்கு வயரிங் பழகிய கை இருக்கிறது. ஹைபிரிட் தெரிந்த ஒருவரோடு நின்று சில பெட்டிகள் திறப்பதைப் பாருங்கள், பிறகு அவர் பக்கத்தில் நிற்க நீங்கள் திறவுங்கள். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்தில் தனியே தொடவேண்டாம்.

கே: இந்த வாரம் ஒஸ்ரின் ஏ40 பற்றி ஒரு வரியும் இல்லையே, சுகமில்லையா? – நல்லூர் வாசகர்

ப: கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன். டொயோட்டா முதலாவது பிரியஸை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது 1997 டிசம்பரில். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே, யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40 கார்புரேட்டரில் நாலு துளி பெற்றோல் குடித்து ஸ்டார்ட் ஆகி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடியது. இரண்டு சக்தியில் ஓடும் காரை முதலில் றோட்டில் இறக்கியது யார் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். எச்சரிக்கை ஏற்பாடும் எங்களுடையதுதான் சுலபம். பின்னால் புகை வந்தால் கார் ஓடுகிறது. வராவிட்டால் இறங்கித் தள்ளு.