இரண்டாம் பாகத்தில் தொடங்குபவர்

ட்ரிலஜிக்காரரை அடையாளம் காண்பது சுலபம். கையில் இருக்கும் புத்தகத்துக்கு அட்டை போட்டிருப்பார். போன வருஷத்து ஜவுளிக்கடைக் காலண்டர் தாளை, படம் உள்பக்கம் போகும்படி மடித்து, மூலையில் செல்லோடேப் ஒட்டிய அட்டை. அசல் அட்டையில் பனிமேல் நாலு சொட்டு ரத்தமும் ஒற்றைப் பெண் செருப்பும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மாமியார், “மாப்பிள்ளைக்கு மனசு ஏதாச்சும் சரியில்லையாடி?” என்று மகளிடம் கேட்ட நாளிலிருந்து இந்த ஏற்பாடு.

வயது ஐம்பதை ஒட்டி. வேலை, வங்கியிலோ கருவூலத்திலோ இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலோ. ரத்தம் பார்க்க வாய்ப்பே இல்லாத வேலை. கோழிக்கடைக்கு மனைவியைத்தான் அனுப்புவார். அங்கே வெட்டும்போது அவருக்குத் தலை சுற்றும். ஆனால் ஒரு கொலைகாரன் ஏழு பேரைத் தீர்த்துக்கட்டும் நானூறு பக்க நாவலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே படிப்பார். சட்னி மட்டும் பக்கத்தில் பட்டுவிடக்கூடாது.

இவர் திடீரென்று முளைத்தவர் அல்ல. 1908இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ வந்து துப்பறியும் கோவிந்தன் தமிழ்நாட்டுத் திண்ணைகளில் புகுந்த காலத்திலிருந்தே இந்தப் பரம்பரை உண்டு. தாத்தா வடுவூர் துரைசாமி ஐயங்காரில் மூழ்கியவர். அப்பா தமிழ்வாணனின் சங்கர்லாலோடு தேநீர் குடித்தவர். இவர் கல்லூரி நாட்களில் பேருந்து நிலையக் கடையில் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் மாத நாவல்களை வாங்கிக்கொண்டு விழுப்புரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், திருச்சி வருவதற்குள் கொலையாளி கைதாகிவிடுவான். அதே ஊரில் அந்த நாவலை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம்.

இப்போது அந்த வசதி போய்விட்டது. ஒரு கொலையாளியைப் பிடிக்கவே நானூறு பக்கம். அவனைப் பிடித்த பிறகும் துப்பறிபவரின் சொந்தக் கணக்குத் தீர இன்னும் இரண்டு நானூறு பக்கம். இதற்குப் பெயர்தான் ட்ரிலஜி.

திருவல்லிக்கேணி பைக்ராப்ட்ஸ் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகம் பரப்பும் நடைபாதைக் கடைகள்தான் அவருடைய வேட்டைக்களம். அங்கே அவருக்கு எப்போதும் இரண்டாம் பாகம்தான் அகப்படும். இதற்கு அவரே ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். முதல் பாகம் யாரிடமாவது இரவல் போய்த் திரும்பியிருக்காது. மூன்றாம் பாகம் வரை வாங்கியவன் பைத்தியம், விற்க மாட்டான். நடுவில் உள்ளதுதான் எடைக்கு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி வந்ததுதான் பிரெஞ்சு எழுத்தாளர் பியர் லெமேத்ரின் ‘அலெக்ஸ்’.

லெமேத்ர் சாதாரண ஆள் இல்லை. இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்துவிட்டு ஐம்பத்தைந்து வயதில், 2006இல், முதல் நாவலை வெளியிட்டவர். அதுதான் பாரிஸ் போலீஸ் அதிகாரி கமீல் வெர்ஹோவனின் முதல் கதை. 2011இல் ‘அலெக்ஸ்’, 2012இல் மூன்றாவது. மறு வருஷமே முதல் உலகப்போரை வைத்து எழுதிய வேறொரு நாவலுக்கு, பிரான்சில் மிகப் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் கிடைத்துவிட்டது. “பார்த்தியா, க்ரைம் எழுதறவனுக்கு கோன்கூர்!” என்று ட்ரிலஜிக்காரர் மனைவியிடம் சொல்லும் தோரணையில், பரிசுத் தொகையில் பாதி அவர் கணக்கில் வந்து விழுந்த பெருமிதம் தெரியும். “அப்படியா, கேஸ் புக் பண்ணிட்டீங்களா?” என்பார் மனைவி.

சிக்கல் என்னவென்றால், ஆங்கிலத்தில் இந்த மூன்று நாவல்களும் வந்த வரிசை. 2013இல் முதலில் வந்தது இரண்டாவது கதையான ‘அலெக்ஸ்’. முதல் கதை ‘இரேன்’ என்ற புதுப் பெயரோடு 2014இல் வந்தது. மூன்றாவது 2015இல் ‘கமீல்’. முதல் கதையின் முடிவில் வெர்ஹோவன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதை இரண்டாவது கதை ஆரம்பப் பக்கங்களிலேயே போட்டு உடைத்துவிடுகிறது. ஆக, இங்கிலாந்திலும் இந்தியாவிலும் லட்சணமாகக் கடைக்குப் போய், வந்த உடனே வாங்கிப் படித்த வாசகன்தான் ஏமாந்தான். பைக்ராப்ட்ஸ் ரோட்டில் தற்செயலாக இரண்டாம் பாகம் வாங்கியவருக்கும் லண்டனில் புத்தம் புதிதாக வாங்கியவருக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று. இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு அளவற்ற திருப்தி.

நார்வேயின் யோ நெஸ்போ விஷயம் இன்னும் மோசம். ஆஸ்லோ நகரில் ஹாரி ஹோல் என்ற குடிகார அதிகாரியை வைத்து அவர் எழுதிய மூன்று நாவல்கள் 2000, 2002, 2003 ஆண்டுகளில் வந்தன. ஆங்கிலத்தில் 2005இல் முதலில் வந்தது மூன்றாவதான ‘டெவில்ஸ் ஸ்டார்’. பிறகு முதலாவது. 2008இல் நடுவிலிருப்பது. ஹாரி ஹோல் அறிமுகமான 1997ஆம் வருஷத்து நாவல் ஆங்கிலத்துக்கு வர 2012 ஆகிவிட்டது. ஒரு சக அதிகாரிக்குக் கேடு செய்தது யார் என்ற ரகசியம் அந்த ட்ரிலஜியின் மூன்று புத்தகத்திலும் இழையோடுகிறது. அந்த ரகசியத்தைத் தெரிந்துகொண்டே முதல் புத்தகத்தைத் திறந்த ஆங்கில வாசகர்கள் எத்தனையோ பேர். பதிப்பாளர்களைக் கேட்டால், ஓடுகிற குதிரையை முதலில் விடுவதுதான் வியாபாரம் என்பார்கள். ட்ரிலஜிக்காரரின் தீர்ப்பு வேறு: “கொலைகாரனையாவது மன்னிக்கலாம் சார்.”

இத்தனைக்கும் கொலைகாரன் யார் என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. புத்தகத்துக்குப் புத்தகம் அவன் மாறிவிடுகிறான். மாறாதவர் துப்பறிபவர். அவருடைய வியாதி, விவாகரத்து, மேலதிகாரியோடு தகராறு இவைதான் ட்ரிலஜிக்காரரைத் தூங்கவிடாமல் அடிக்கின்றன. வெர்ஹோவனின் உயரம் 1.45 மீட்டர், அதாவது ஐந்தடியைத் தொடவில்லை. அம்மா பெரிய ஓவியர். கர்ப்பத்திலும் சிகரெட்டை விடாதவர். மகன் வளராமல் போனதற்கு அதுதான் காரணம். உதவிக்கு ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளையும், பேனாவிலிருந்து சிகரெட் வரை அடுத்தவர் கையிலிருந்து வாங்கியே காலம் தள்ளும் மகா கஞ்சன் ஒருவனும். இந்த அலுவலகத்தைப் படிக்கும்போது தன் கிளை அலுவலகமே கண்முன் வருவதாக ட்ரிலஜிக்காரர் சொல்வார். கஞ்சன் யார் என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டார். எதிர் மேஜையைப் பார்ப்பார்.

நம் ஊர்த் துப்பறிபவர்களுக்கு இந்த மாதிரி நோய் நொடி கிடையாது. சங்கர்லாலுக்கு ரத்த அழுத்தம் வந்ததாக யாரும் படித்ததில்லை. கணேஷுக்கும் வசந்துக்கும் இத்தனை வருஷத்தில் ஒரு முடி நரைக்கவில்லை. நோயாளித் துப்பறிபவரை உலகத்துக்குக் கொடுத்ததில் பெரும் பங்கு ஸ்வீடனுக்கு. மாய் ஷோவாலும் பெர் வாலூவும் 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து நாவல்களில் மார்ட்டின் பெக் என்ற அதிகாரி, சளியோடும் வயிற்றுக் கோளாறோடும்தான் வேலைக்குப் போகிறார். அங்கே ஆரம்பித்தது, ஹாரி ஹோல் வரைக்கும் வந்துவிட்டது.

ஒருநாள் இரவு ட்ரிலஜிக்காரர் நண்பரிடம் போனில், “நிறுத்திட்டான்னு நெனச்சேன் சார், மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சுட்டான், அந்தப் பொண்ணும் விட்டுட்டுப் போயிட்டா, பாவம்” என்று குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து மனைவி பதறி ஓடிவந்தார்: “யாருங்க, உங்க தம்பியா?”

ட்ரிலஜி நடக்கும் காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஆபத்துதான். தாழ்ப்பாளை இரண்டு முறை பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை உறையின் பின்புறத்தில் ஒரு பட்டியல் எழுதுவார். அதில் கதாபாத்திரங்களோடு இரண்டாம் மாடிக்காரர் பெயரும் இருக்கும். காரணம்: “ரொம்ப அமைதியா இருக்கார். அவங்க எல்லாம் அப்படித்தான் இருப்பாங்க.” கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், இரண்டு பேரைத் தனித்தனிச் சம்பவங்களில் கொன்றாலே அமெரிக்க எஃப்.பி.ஐ. கணக்கில் தொடர் கொலையாளிதான் என்று ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் விளக்குவார். அதே எஃப்.பி.ஐ., மொத்தக் கொலைகளில் தொடர் கொலைகள் ஒரு சதவீதம்கூட இல்லை என்று சொல்லியிருப்பதை மட்டும் விட்டுவிடுவார். நார்வே முழுக்கவே சாதாரண வருஷத்தில் முப்பது சொச்சம் கொலைதான் நடக்கும். நாவலாசிரியர்கள் போடும் பிணங்களைக் கூட்டினால் ஆஸ்லோவில் வாடகைக்கு வீடு தாராளமாகக் கிடைக்க வேண்டும்.

அந்தக் குடியிருப்பில் நடந்த ஒரே குற்றம் செருப்புத் திருட்டு. அதையும் வாட்ச்மேன்தான் கண்டுபிடித்தார். எடுத்தது நாய்.

‘இரேன்’ கடைசியில் கிடைத்தது. அதில் கொலையாளியே ஒரு க்ரைம் வாசகன். உலகத்தின் பேர்போன குற்ற நாவல்களில் வரும் கொலைகளை அச்சு மாறாமல் நிகழ்த்திக்காட்டுகிறான். ஜேம்ஸ் எல்ராயின் ‘ப்ளாக் டாலியா’, பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் ‘அமெரிக்கன் சைக்கோ’, ஷோவால், வாலூவின் முதல் நாவல் ‘ரோசன்னா’ என்று போகிறது அவன் பட்டியல். வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். ட்ரிலஜிக்காரர் பென்சிலை எடுத்து, தான் படித்தவற்றுக்கு நேரே டிக் போட்டு, மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்க வேண்டிய லிஸ்டில் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் ‘ப்ளாக் டாலியா’வுக்குப் பின்னால் உண்மையான ஒரு பெண் இருக்கிறாள். 1947 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் கொல்லப்பட்ட எலிசபெத் ஷார்ட்டுக்கு வயது இருபத்திரண்டு. வழக்கு இன்றுவரை துலங்கவில்லை. எல்ராயின் தாயே 1958இல் கொலையானவர்; அந்தக் கொலைகாரனும் அகப்படவில்லை. இதைப் படித்த அன்று அவர் பட்டியலை மடித்து வைத்துவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகள் அன்றைக்கென்று பார்த்துக் கேட்டாள்: “அப்பா, இந்த மாதிரி புக்ல ஏன் எப்பவும் பொண்ணுங்களே சாகறாங்க?” பெண் கொல்லப்படாத, பின்தொடரப்படாத, வதைபடாத த்ரில்லருக்கென்றே 2018இல் இங்கிலாந்தில் ‘ஸ்டாஞ்ச்’ என்று ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நியாயமான கேள்வி. துப்பறிபவர் சோகமாக ஜன்னலைப் பார்ப்பதற்காகவே ஒரு பெண்ணைச் சாகடிக்கும் சோம்பேறி நாவல்கள் இந்த வகையில் ஏராளம். அவரிடம் இதற்கு ஒரு நல்ல பதில் இருந்தது: ‘அலெக்ஸ்’. ஆனால் அந்த நாவல் எப்படிப் பதிலாகிறது என்று விளக்கினால் கதை போய்விடும். வாழ்நாளில் முதல்முறையாக வாதத்தில் ஜெயிக்கக்கூடிய இடத்தில் அவர் வாயைத் திறக்க முடியாமல் நின்றார். “நீயே படிச்சுப் பாரும்மா” என்றார். அவள் இரண்டாம் பாகத்தில் தொடங்கினாள்.

மூன்றோடு முடிந்துவிடும் என்று நம்பினால் அதுவும் இல்லை. தாமஸ் ஹாரிஸ் 1981, 1988, 1999 ஆண்டுகளில் மூன்று நாவல் எழுதி ஹானிபல் லெக்டரை முடித்தார் என்று நிம்மதியாக இருந்தபோது, 2006இல் நாலாவதாக அவனுடைய பால்யக் கதை வந்தது. ஸ்டீக் லார்சன் மூன்று கையெழுத்துப் பிரதிகளைக் கொடுத்துவிட்டு, ஒன்றுகூட அச்சில் வருவதற்கு முன்பே 2004இல் இறந்துபோனார். 2015இல் வேறொருவர் எழுதி நாலாவது வந்தது. வெர்ஹோவனுக்கும் இடையில் ஒரு குறுநாவல் இருக்கிறது. அதை எந்த எண்ணில் சேர்ப்பது என்று தெரியாமல் ட்ரிலஜிக்காரர் தன் அலமாரியில் மூன்று புத்தகத்தின் மேல் படுக்கை வசத்தில் வைத்திருக்கிறார்.

ஆகவே இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்தால், ஒரு உதவி செய்யுங்கள். வெர்ஹோவன் என்றால் இரேன், அலெக்ஸ், கமீல்; ஹாரி ஹோல் என்றால் ரெட்பிரெஸ்ட், நெமிசிஸ், டெவில்ஸ் ஸ்டார். இந்த வரிசையில், மூன்றையும் ஒன்றாக இரவல் கொடுங்கள். கடைசித் தாள்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். முதல் பாகத்தின் உள்பக்கத்தில் உங்கள் பெயரைப் பெரிதாக எழுதிவையுங்கள். அது திரும்பி வராது; குறைந்தபட்சம், யாருடையது என்று பைக்ராப்ட்ஸ் ரோட்டில் வாங்குபவருக்காவது தெரியட்டும்.