பாஸ் ஏன் போய்ச் சேரவில்லை?

கேள்வி: எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியால் சேர்ந்தாற்போல் மூன்று பாஸ் கொடுக்க முடியவில்லை. பந்து எதிரணியிடம் போய்விடுகிறது. ஆட்களை மாற்றலாமா?
– ஒரு மாணவர், உத்திரமேரூர்

பதில்: ஆளை மாற்ற வேண்டாம் தம்பி, ஆள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க, குடத்தில் ஓலையைப் போட்டு, விவரமறியாச் சிறுவனை எடுக்கச் சொன்ன ஊர் உங்களுடையது. பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டே சாட்சி. சபைக்கு அந்த முறை பொருத்தம், பாஸுக்கு ஆகாது! பந்து யாருக்கு என்பது உதைக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் கோளாறு கொடுப்பவரிடம் இல்லை, வாங்குபவரிடம்தான். எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "குடு, குடு" என்று கத்தினால் பந்து எந்த வழியாக வரும்? பந்து வைத்திருப்பவர் கண்ணில் படும்படி, ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேராவது விலகி நிற்க வேண்டும். பந்து வந்து சேருமுன் ஒருமுறை தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொள்ள வேண்டும். மேடுபள்ள மைதானத்தில் பந்து எகிறும். பாதத்தின் உட்பக்கத்தைத் தளர்த்தி, சற்றுப் பின்வாங்கி வாங்கினால் அடங்கும்.

இதெல்லாம் பயிற்சியால் வருவதுதான். ஹைதராபாத்தின் கால்பந்துப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பழகாத காலால் மட்டுமே ஆடும் போட்டிகளை நடத்தியவர். அவர் பயிற்சியில்தான் இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தது. 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என வென்று ஆசியத் தங்கமும் வாங்கியது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய நம் சைமன் சுந்தரராஜும் அவரிடம் ஆடியவர்தான்.

நாளை மாலையே நாலு பேர் வட்டமாக நில்லுங்கள், நடுவில் ஒருவர். ஆளுக்கு இரண்டே தொடுதல். பறிகொடுத்தவர் நடுவுக்கு வர வேண்டும், கேப்டனாகவே இருந்தாலும்!